சொட்டுவது ஓரிடம், ஓட்டை வேறிடம்

டீசல் பிக்கப் வண்டியின் அடியில் சொட்டு விழுந்தால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கீழே படுத்துப் பார்ப்பார்கள். டாங்கியில் எங்கே ஈரமாக இருக்கிறதோ அங்கே பசையைத் தடவுவார்கள். இரண்டு நாள் காய்ந்திருக்கும். மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடியும் சொட்டும். பிறகு, "டாங்கி போய்விட்டது, மாற்றுங்கள்" என்பார்கள்.

நான் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு வாகனப் பட்டறையில் வேலை செய்கிறேன். எஸ்.பி.எம். முடித்த பிறகு வாகனத் துறையில் எஸ்.கே.எம். மூன்றாம் நிலை வரை படித்தேன். மெக்கானிக் என்றால் கையால் செய்யும் வேலை என்றே உறவினர்கள் பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று விளக்க, அண்மையில் நாங்கள் சரிசெய்த ஒரு டீசல் டாங்கியின் கதை உதவும் என நினைக்கிறேன்.

ஒரு சொட்டின் கணக்கு

அந்த வண்டிக்கு வயது 11. அதன் உரிமையாளர் செம்பனைத் தோட்டங்களுக்கு உரமும் ஆட்களும் ஏற்றிச் செல்லும் சிறு குத்தகையாளர். வண்டி ஓடினால்தான் அவருக்கு வருமானம். எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு இரண்டு பட்டறைகளில் காட்டியிருந்தார். ஓரிடத்தில் டாங்கியின் அடியில் எப்பாக்சி பசை பூசினார்கள். இன்னோரிடத்தில் வடிகால் திருகின் வாஷரை மாற்றினார்கள். கசிவு நிற்கவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் ஒரு டாங்கிக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

சொட்டுத்தானே என்று விட முடியாது. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளைக்கு 1,440 மில்லிலிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். இப்படியே தொடர்ந்தால் 30 நாளில் 43 லிட்டர் போய்விடும். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது நினைவிருக்கும். லிட்டர் 3 ரிங்கிட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், மாதம் 130 ரிங்கிட் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு சாலையில் காத்திருக்கிறது. பெட்ரோல் சிந்தினால் சீக்கிரம் ஆவியாகிவிடும். டீசல் அப்படிப் போகாது. எண்ணெய்ப் படலமாகத் தார்ச்சாலையில் தங்கிவிடும். வளைவில் வரும் மோட்டார் சைக்கிளின் சக்கரம் அதில் ஏறினால் பிடிப்பு போய்விடும். இதைப் படிக்கும் இளையோர் பலர் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்ட கசிவு உங்கள் காலை முறிக்கலாம்.

முதல் கேள்வி: எப்போது?

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் வண்டிக்காரரோடு உட்கார வேண்டும். "தம்பி, அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு அந்த வண்டிய நமக்குத் தெரியாது. முதல்ல அவர்கிட்ட கேளு," என்பார் முதலாளி.

எங்கே சொட்டுகிறது என்று நான் கேட்கவில்லை. "அண்ணே, எப்போ சொட்டுது?" என்று கேட்டேன். அவர் யோசித்து நான்கு தகவல்கள் சொன்னார்.

டாங்கியை நிரப்பிய அன்று அதிகமாகச் சொட்டும். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு நின்றுவிடும். அவருடைய வீட்டு வாசல் சரிவானது, அங்கே நிறுத்தினால் கூடுதலாகச் சொட்டும். நான்காவது தகவலை அவர் வேறொரு பிரச்சினையாக நினைத்திருந்தார்: சில நாள்களாகக் காலையில் என்ஜின் உடனே பிடிப்பதில்லை, நெடுநேரம் சாவியைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கசிவைத் தேடும்போது "எப்போது" என்ற கேள்வி ஏன் முக்கியம் என்று மாணவர்கள் இங்கே கவனிக்கலாம். டாங்கியின் அடியில் ஓட்டை இருந்தால், எண்ணெய் நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் சொட்டும். ஏனென்றால் அடிப்பகுதி எப்போதும் எண்ணெயில்தான் இருக்கிறது. நிறைந்திருக்கும்போது மட்டும் சொட்டினால், ஓட்டை மேற்பகுதியில் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது மட்டும் சொட்டினால், என்ஜினிலிருந்து மீதி டீசலை டாங்கிக்குத் திருப்பி அனுப்பும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். நேரம் தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஆனால் வண்டிக்காரர் சொன்னதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஓர் அனுமானம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். படிவம் நான்கு அறிவியல் பாடத்தில் கருதுகோள் என்று படித்தோமே, அதுவேதான்.

கழுவினோம், காத்திருந்தோம்

முதலில் சொட்டுவது டீசல்தானா என்று உறுதிசெய்தோம். குளிரூட்டியின் நீரும் வண்டிக்கு அடியில் சொட்டும். என்ஜின் எண்ணெயும் காற்றில் பின்னோக்கிப் பரவி டாங்கியில் படியும். ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் போட்டால் போதும். நீர் காய்ந்து மறைந்துவிடும். என்ஜின் எண்ணெய் கறுப்பாகத் தெரியும். டீசல் மெல்லிய வழுவழுப்போடு அட்டையில் விரிந்து, நாற்றத்தோடு நிற்கும்.

அடுத்து, கழுவுதல். பல மாதச் சேறும் எண்ணெயும் படிந்த டாங்கியில் எது புதுக் கசிவு, எது பழைய கறை என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பசை போக்கும் திரவம் அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டோம்.

முதல் இரவு டாங்கியில் பாதி அளவே டீசல் இருந்தது. வண்டியை அட்டையின்மேல் நிறுத்திவிட்டுப் போனோம். காலையில் அட்டை காய்ந்திருந்தது. இரண்டாம் நாள் டாங்கியை நிரப்பினோம். மறுநாள் காலையில் அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். அடியில் ஓட்டை இல்லை என்பது இதோடு உறுதியானது. இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஓர் அட்டையும் இரண்டு இரவுகளும்.

நிறைந்த டாங்கியில் கசிவு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டீசல் சூடேறினால் விரிவடையும். 75 லிட்டர் டீசலின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அரை லிட்டருக்கும் அதிகமாகப் பெருகும். நிலையத்தின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த எண்ணெய் நம் ஊர் மதிய வெயிலில் நிற்கும்போது, அந்தக் கூடுதல் அளவு மேலேதான் ஏறும். மேற்பகுதியில் இடைவெளி இருந்தால் அதன் வழியே வெளியேறும்.

ஊதா விளக்கு காட்டிய பாதை

மேற்பகுதி என்று தெரிந்துவிட்டது. ஆனால் டாங்கியின் மேற்புறத்துக்கும் வண்டித் தளத்துக்கும் இடையில் கை நுழையும் அளவுகூட இடமில்லை. அங்கே எண்ணெய் ஊற்றும் குழாய், காற்றுக் குழாய், என்ஜினுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய், எண்ணெய் அளவு காட்டும் மிதவைக் கருவி என ஐந்து இடங்களில் கசிய வாய்ப்புண்டு.

டீசலில் கலக்கத் தக்க ஒளிரும் சாயம் கடைகளில் கிடைக்கிறது. சிறிதளவு டாங்கியில் ஊற்றி, கலப்பதற்காக வண்டியைச் சற்று தூரம் ஓட்டி, அடிப்பகுதியை மறுபடியும் துடைத்து, சில மணி நேரம் நிறுத்தினோம். பிறகு பட்டறை விளக்குகளை அணைத்து, மஞ்சள் கண்ணாடி அணிந்து, புற ஊதா விளக்கைப் பிடித்தோம்.

மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியில் ஒரு கோடு தெரிந்தது. டாங்கியின் மேல்தட்டிலிருந்து இறங்கி, முன்பக்கம் வழிந்து, டாங்கியைத் தாங்கும் இரும்புப் பட்டையைத் தொட்டு, அந்தப் பட்டையோடு ஓடி, அடியில் வடிகால் திருகுக்குப் பக்கத்தில் வந்து சொட்டாகத் தொங்கியது. முன்பு பசை பூசியதும் வாஷர் மாற்றியதும் அந்த இடத்தில்தான். இரண்டு பட்டறைகளும் சொட்டு நின்ற இடத்தைப் பார்த்தன. சொட்டு புறப்பட்ட இடம் அங்கிருந்து இரண்டு முழத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத மேல்தட்டில் இருந்தது.

மெல்லிய குழாயின் முனையில் கேமரா பொருத்திய கருவியை இடுக்கில் விட்டுப் பார்த்தோம். மிதவைக் கருவியின் மூடித்தட்டைச் சுற்றி ஒளி வளையம்போல் தெரிந்தது. மற்ற இணைப்புகள் காய்ந்திருந்தன.

காலையில் என்ஜின் ஏன் பிடிக்கவில்லை?

காலைத் தொல்லையை நாங்கள் மறக்கவில்லை. டீசல் வடிகட்டிக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் குழாயைத் தற்காலிகமாக இணைத்தோம். என்ஜினை ஓடவிட்டபோது அதில் குமிழிகள் ஓடின. எங்கோ காற்று நுழைகிறது.

இந்த வகை வண்டியில் டாங்கிக்குள் பம்பு இல்லை. என்ஜின் பக்கமுள்ள பம்புதான் எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் கரும்புச்சாறு குடித்துப் பாருங்கள். சாறு வெளியே கொட்டாது. காற்றுதான் உள்ளே வரும். உறிஞ்சும் குழாயில் துளை விழுந்தாலும் அப்படித்தான். என்ஜின் நின்றதும் அந்தத் துளை வழியே காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் மெல்ல டாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் பம்பு வெறும் குழாயை இழுத்துக்கொண்டிருக்கும்.

டாங்கியை இறக்கியபோது இரண்டு கதையும் ஒன்றாகச் சேர்ந்தன. மிதவைக் கருவியின் மூடித்தட்டும் உறிஞ்சு குழாயும் ஒரே பாகம். தட்டின் கீழே இருந்த கேஸ்கெட் தட்டையாகி, கெட்டியாகி, வெடித்திருந்தது. தட்டிலிருந்து மேலே வரும் குழாயின் அடிப்பகுதி துருவேறி, ஊசி முனை அளவுக்குத் துளை விழுந்திருந்தது. ஒன்றில் எண்ணெய் வெளியே வந்தது. மற்றொன்றில் காற்று உள்ளே போனது.

துரு எங்கிருந்து வந்தது?

மேல்தட்டின்மீது இரண்டு விரல் கனத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது. அதில் வெள்ளையும் சிவப்புமாகச் சிறு மணிகள் கலந்திருந்தன. வண்டியில் ஏற்றும் உரம் அது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரத்தின் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை விரைவாக அரிக்கும். மூட்டையிலிருந்து சிந்திய உரம் தளத்தின் இடுக்கு வழியே டாங்கியின் தலையில் விழுந்து, சேற்றோடு ஒட்டி, ஒவ்வொரு மழைக்கும் ஊறியிருக்கிறது.

உரம் ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் தளத்தை மட்டும் கழுவுவார்கள். அந்த நீர் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. டாங்கியின் மேற்புறத்துக்கும் நல்ல தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தளத்தில் கனமான விரிப்புப் போட வேண்டும். இதை அண்ணனிடம் சொன்னபோது, "இத்தனை வருசம் மேலதான் கழுவினேன் தம்பி, அழுக்கெல்லாம் கீழதான் போச்சு," என்றார்.

டாங்கியை இறக்கும்போது

இந்த வேலையை வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். ஏன் என்று புரிந்துகொள்ள, நாங்கள் எடுத்த முன்னெச்சரிக்கைகளைச் சொல்கிறேன்.

நிறைந்த 75 லிட்டர் டாங்கியில் உள்ள டீசலின் எடை மட்டும் 60 கிலோவைத் தாண்டும். ஆகவே முதலில் டீசலைச் சுத்தமான, மூடியுள்ள கலன்களில் வடித்தோம். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினோம். வண்டியை ஜாக்கி மட்டும் தாங்க விடாமல், உறுதியான தாங்கிகளில் நிறுத்தினோம். பக்கத்தில் தீயணைப்புக் கருவி இருந்தது. அன்று அந்தப் பகுதியில் யாரும் கிரைண்டரைத் தொடவில்லை.

மிதவைக் கருவியைத் திறக்கும் முன் மேல்தட்டைத் தூசி இல்லாமல் சுத்தம் செய்தோம். இது மிக முக்கியம். இன்றைய டீசல் என்ஜின்களில் எரிபொருள் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பாரைச் சற்றே தாண்டும், ஒப்பிட்டுப் பாருங்கள். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் துளைகள் தலைமுடி அளவுக்கு மெல்லியவை. டாங்கிக்குள் விழும் சிறு மணல்கூடப் பெரிய செலவில் கொண்டுபோய் விடலாம். இன்னோர் எச்சரிக்கை: என்ஜின் பக்கம் உயர் அழுத்தக் குழாயில் கசிவு இருந்தால், அதைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

மிதவைக் கருவியைப் புதிதாக மாற்றினோம்; புதிய கேஸ்கெட் போட்டோம். திருகுகளை ஒரு பக்கமாக இறுக்காமல், எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கினோம். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். மலேசியாவில் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் பி10 திட்டம் 2019-இல் நடப்புக்கு வந்தது. எல்லா ரப்பரும் பயோடீசலைத் தாங்காது. அதனால் குழாய் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், அதற்கு ஏற்ற தரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பற்ற வைத்தால் என்ன?

டாங்கியை வெளியே எடுத்ததும், "ஒரு வெல்டிங் போட்டா வேலை முடிஞ்சிடுமே?" என்று அருகில் நின்ற ஒருவர் கேட்டார். எல்லாப் பட்டறையிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

டீசல் பெட்ரோலைப் போலச் சட்டென்று தீப்பற்றாது என்பது உண்மை. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். டீசலுக்கு 55 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் வெல்டிங் சூடு அந்த அளவை நொடியில் தாண்டிவிடும். டாங்கியின் மூலையில் ஒட்டியிருக்கும் மீதி எண்ணெய் ஆவியாகி, உள்ளே நிறைந்திருக்கும் காற்றோடு கலந்தால், மூடிய பாத்திரத்தில் வெடிமருந்து வைத்ததற்குச் சமம். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே ஆபத்தானது. முறையாகச் சுத்தம் செய்து, ஆவி இல்லை என்று அளந்து பார்த்த பின், அதற்கென்று பயின்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. இந்த டாங்கிக்கு அது தேவைப்படவும் இல்லை. பழைய எப்பாக்சியைச் சுரண்டிப் பார்த்தோம். அடியில் இருந்தது நல்ல இரும்பு. மேல்தட்டில் துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்தோம். டாங்கி அவருடைய வண்டிக்கே திரும்பிப் போனது. பொத்தோங் கடையில் சொல்லி வைத்ததை அவர் ரத்து செய்துவிட்டார்.

எல்லாவற்றையும் பொருத்தி, கைப்பம்பினால் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினோம். என்ஜின் உடனே பிடித்தது. ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி இல்லை. அதைக் கழற்றி அசல் குழாயை மாட்டினோம். அதோடு வண்டியைக் கொடுத்துவிடவில்லை. டாங்கியை நிரப்பி, சரிவான இடத்தில், புது அட்டையின்மேல் ஓர் இரவு நிறுத்தினோம். எந்தச் சூழ்நிலையில் கசிந்ததோ அதே சூழ்நிலையில் கசியவில்லை என்று பார்த்த பிறகே சாவியை ஒப்படைத்தோம். டீசல் ஊறிய துணிகளைக் குப்பைத் தொட்டியில் போடவில்லை. திட்டமிட்ட கழிவுப் பொருள்களுக்கான 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அவற்றைத் தனியாகச் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

இத்துறைக்கு வர நினைப்பவர்களுக்கு

இந்த ஒரு வேலையில் எத்தனை பாடங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். திரவம் விரிவடைவதும் காற்றழுத்தமும் இயற்பியல். குளோரைடு இரும்பை அரிப்பது வேதியியல். சொட்டைக் கணக்கிட்டது ஆரம்பப்பள்ளிக் கணிதம். வண்டிக்காரரிடம் பொறுமையாகக் கேட்டு, அவர் சொல்லாமல் விட்டதையும் கண்டுபிடித்தது மொழித்திறன். ஸ்பேனர் பிடித்த நேரம் எல்லாவற்றையும்விடக் குறைவு.

தேர்வில் எதிர்பார்த்த புள்ளிகள் வராதவர்களுக்கான கடைசிப் புகலிடம் என்று திவெட் கல்வியைப் பார்க்கும் எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலைகள் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன் கீழ் இவை அங்கீகரிக்கப்பட்டவை. பயிற்சி நிலையத்துக்கு நிலையம் சேர்க்கை நிபந்தனை மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் முன், அந்நிலையமும் அப்பாடமும் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றவையா என்று கட்டாயம் சரிபாருங்கள். கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பல ஆண்டுகள் பட்டறையில் வேலை செய்து, கையில் சான்றிதழ் இல்லாத அண்ணன்மார்களுக்கும் வழி உண்டு. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் அத்துறையில் இருக்கிறது. இதை அறியாமலேயே திறமைசாலிகள் பலர் உதவியாளர் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

இத்துறை உங்களுக்கு ஏற்றதா என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு பயிற்சி சொல்கிறேன். இன்றிரவு உங்கள் வீட்டு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். சக்கரம் நின்ற இடத்தை அதில் பென்சிலால் குறியுங்கள். காலையில் ஏதாவது கறை இருந்தால் அதன் நிறம், நாற்றம், இடம், அன்று வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, டாங்கியில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்று எழுதி வையுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். எதையும் கழற்ற வேண்டாம். அந்த ஏழு நாள் குறிப்போடு பட்டறைக்குப் போனால், எந்த மெக்கானிக்கும் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். எழுதும்போது உங்களுக்கு அலுப்புத் தட்டவில்லை என்றால், ஒரு பயிற்சி நிலையத்தின் விண்ணப்பப் பாரத்தை வாங்கிப் பாருங்கள்.